வளையும் சட்டம், வளையாத பெட்டி: பழைய ராணுவ லாரியை நடமாடும் உணவுக் கிடங்காக மாற்றுவது

ராணுவம் கழித்துவிட்ட லாரி ஏலத்துக்கு வரும்போது, ஓடோமீட்டரில் இருக்கும் சின்ன எண்தான் முதலில் கண்ணில் படும். வயது முப்பது, நாற்பது இருக்கும். ஓடிய தூரம் சில ஆயிரம் கிலோமீட்டர்தான். எல்லாச் சக்கரமும் இழுக்கும், சேற்றில் இறங்கி ஏறும், இரும்பு தடிமனானது. இதன் முதுகில் ஒரு குளிர்பெட்டியைத் தூக்கி வைத்தால் பாதையே இல்லாத இடத்துக்கும் உணவு கொண்டுபோகலாம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. இந்த லாரி முறுக்கிக்கொண்டும் குலுங்கிக்கொண்டும் போவதற்கென்றே கட்டப்பட்டது. உணவுப் பெட்டியோ முறுக்கம் தாங்காது. அதற்குள் காற்றும் ஈரமும் நுழையக் கூடாது. பணமும் உழைப்பும் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான்.

வண்டி வாங்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: உள்ளே என்ன இருக்கப் போகிறது? அரிசி, மாவு, பருப்பு, டப்பா உணவு என்றால் உலர்ந்த, எலி புகாத பெட்டி போதும். பால், காய்கறி, சமைத்த உணவு என்றால் 0 முதல் 5 டிகிரி செல்சியஸ். உறைந்த இறைச்சி, மீன் என்றால் மைனஸ் 18. இந்த மூன்றும் மூன்று வேறு வண்டிகள் என்றே நினைத்துக்கொள்ளலாம். எடை, மின்சாரம், சுவரின் தடிமன் எல்லாமே மாறிவிடும். "எல்லாவற்றுக்கும் ஆகட்டும்" என்று தொடங்கும் வேலை பெரும்பாலும் எதற்கும் ஆகாத பெட்டியில் போய் முடிகிறது.

எடைக் கணக்கு

ராணுவ லாரியின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் டன் கணக்கு, பெரும்பாலும் கரடுமுரடான தரைக்கு உரியது. அமெரிக்காவின் எம்35ஏ2 'இரண்டரை டன்' வண்டி. பாதையில்லாத தரையில் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ ஏற்றலாம். நல்ல சாலையில் அதன் இரு மடங்கு. எந்தத் தரையில் ஓடப்போகிறதோ அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். காட்டுப்பாதைக்காக ராணுவ லாரியை வாங்கிவிட்டு, சாலைக் கணக்கில் சுமை ஏற்றுவது முதல் தவறு.

நான்கு மீட்டர் நீளமுள்ள குளிர்பெட்டிக்குத் தோராயமாக இப்படி வரும்: பெட்டி 800 கிலோ, துணைச்சட்டம் (லாரியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் பெட்டிக்கும் நடுவே வரும் இரும்புச் சட்டம்) 250, குளிரூட்டும் கருவி 250, பேட்டரியும் மின்சாதனங்களும் 150, அலமாரிகள் 200. மொத்தம் 1,650 கிலோ. பழைய சரக்குத் தொட்டியைக் கழற்றும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். அது 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன வண்டியில் உணவுக்கு மிஞ்சுவது 1,320 கிலோதான். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் எடைமேடையில் ஏற்றி, முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாக எடை பார்த்து வைத்தால் ஊகிக்க வேண்டியிருக்காது. கேபினுக்குப் பின்னால் கம்ப்ரசரையும் ஜெனரேட்டரையும் அடுக்கும்போது முன் ஆக்சில் அளவு மீறுவது அடிக்கடி நடக்கிறது. மொத்த எடை சரியாக இருந்தும் ஸ்டியரிங் கனத்துப்போகும் வண்டிகளில் இதுதான் காரணம்.

உயரமும் சேர்ந்து வரும் பிரச்சினை. ராணுவ லாரியின் சட்டமே தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். அதன் மேல் துணைச்சட்டம், தடித்த தரை, இரண்டு மீட்டர் பெட்டி. ஈர்ப்பு மையம் மேலே போகும்; பக்கச் சரிவில் கவிழும் கோணம் குறையும். கூரைமேல் கருவி எதையும் வைக்காமல் இருப்பதும், கனமானதை எல்லாம் கீழ்த்தட்டில் வைப்பதும்தான் இதற்கு மருந்து. 20 அடி குளிர்க் கன்டெய்னரை அப்படியே தூக்கி வைக்கும் ஆசை பலருக்கு வரும். அது வெறுமனே 3 டன் எடை. அதன் கருவிக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். பெரிய வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்கு அது பொருந்தாது.

முன்பு என்ன ஏற்றியது?

எரிபொருள் டேங்கர் லாரியை உணவுக்கோ குடிநீருக்கோ மாற்றவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் வெல்டிங் மடிப்புகளிலும் ரப்பர் சீல்களிலும் ஊறிய டீசல் வெளிவந்துகொண்டே இருக்கும். கொழுப்புள்ள உணவு அந்த வாசனையை உடனே பிடித்துக்கொள்ளும். சரக்குத் தொட்டியில் மரப்பலகை இருந்தால் அதையும் கழற்றிப் போட்டுவிடுவதே நல்லது. பல ஆண்டுகளாக எண்ணெயும் பூச்சிமருந்தும் குடித்த பலகையாக அது இருக்கலாம்.

பெயின்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாட்டு ராணுவங்களில் ரசாயன ஆயுதங்களைத் தாங்கும் பாலியூரித்தேன் பூச்சு பூசப்பட்டிருக்கும். அடியில் குரோமேட் பிரைமரும், பழைய வண்டிகளில் ஈயமும் இருக்கக்கூடும். இதை உலர்வாக கிரைண்டரில் தேய்த்தாலும், பெயின்ட்டின் மேலேயே வெல்டிங் வைத்தாலும் ஐசோசயனேட் என்ற நச்சுப்புகையும் குரோமியத் தூசும் கிளம்பும். சாதாரணத் துணி முகமூடி எதற்கும் உதவாது. வெல்டிங் வைக்கும் இடத்தைச் சுற்றிப் பத்து சென்டிமீட்டராவது பெயின்ட் நீக்கும் ரசாயனம் போட்டு வழித்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்த பிறகே நெருப்பு வைக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் சைலன்சர் கேஸ்கெட்டிலும் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், காற்றடித்துத் தூசு தட்டும் பழக்கம் இங்கே வேண்டாம்.

வண்டியின் இயந்திரப் பகுதி பற்றிச் சுருக்கமாக. குறைவாக ஓடிய வண்டி என்றால் நீண்ட நாள் நின்ற வண்டி என்று பொருள். சீல்கள் காய்ந்திருக்கும், டேங்கின் அடியில் கசடு இருக்கும், டயரில் பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கக் குறியீட்டில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பத்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிடலாம். பல துண்டுகளாகக் கழலும் ரிம் இருந்தால் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வளையம் தெறித்தால் ஆளைக் கொல்லும். அமெரிக்க ராணுவ வண்டிகளில் சிலிக்கோன் பிரேக் ஆயில் இருக்கும். அதோடு சாதாரண கிளைகால் ஆயிலைக் கலக்கக் கூடாது.

துணைச்சட்டம்

ஒரு சக்கரம் மேட்டிலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது, லாரியின் சட்டம் துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். அது குறையில்லை, நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க அந்த முறுக்கமும் உதவுகிறது. ஜெர்மனியின் உனிமோக் லாரியில் சட்டம் வேண்டுமென்றே வளையும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஜெர்மன் ராணுவத்தின் மான் (MAN) நிறுவன லாரியான கேஏடி-1 இதற்கு நேர்மாறு: பெட்டிவடிவ இரும்பாலான, முறுக்கமில்லாத சட்டம், வளைவை எல்லாம் சுருள்வில்கள் ஏற்றுக்கொள்ளும். அதனால் ஒரு வண்டிக்குச் சரியாக வந்த இணைப்பை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வளையும் சட்டத்தின் மேல் குளிர்பெட்டியை நான்கு மூலையிலும் இறுக்கி போல்ட் போட்டால் என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்த கதை. முதலில் பின்கதவு சரியாகச் சாத்தாது, ரப்பர் சீல் ஒரு மூலையில் விலகும். பிறகு மூலைகளில் ஒட்டுப்பசை பிளக்கும். அந்தப் பிளவு வழியாக ஈரக்காற்று ஃபோமுக்குள் போய் நீராகும். ஓராண்டில் பெட்டி முன்னைவிடக் கனமாகவும், குளிர் தாங்காததாகவும் ஆகியிருக்கும். குளிரூட்டும் கருவி பழுது என்று கருவியை மாற்றுவார்கள். உண்மையில் கெட்டது போல்ட் போட்ட விதம்.

வழிகள் இரண்டு. பெரும்பாலும் சாலை, அவ்வப்போது மண்பாதை என்றால் வில் வைத்த இணைப்பு போதும். துணைச்சட்டம் முழு நீளத்துக்கும் லாரிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். பின்புறம் இரண்டு பக்கமும் தகட்டால் அசையாமல் பிணைக்கப்படும். நடுவிலும் முன்னாலும் நீண்ட போல்ட்டும் அழுத்துவில்லும். சட்டம் முறுக்கும்போது முன்பகுதியில் துணைச்சட்டம் 30 முதல் 50 மி.மீ. வரை தூக்கிக்கொண்டு, மீண்டும் உட்காரும். இரண்டு இரும்பும் நேரடியாக உரசாமல் இருக்க நடுவில் கெட்டியான மரப்பட்டையோ பாலிஎத்திலீன் பட்டையோ வேண்டும். பக்கவாட்டில் நழுவாமல் இருக்க வழிகாட்டித் தகடுகள் அவசியம். போல்ட் மட்டும் போட்டு இந்தத் தகட்டை மறந்தால், சரிவில் பெட்டி ஒரு பக்கமாக நகர்ந்து வில்லை மடித்துவிடும்.

உண்மையான காட்டுப்பாதை என்றால் மூன்று புள்ளி இணைப்பு. பின்னால் இரண்டு நிலையான புள்ளி, முன்னால் நடுவில் ஒரே ஒரு சுழலும் புள்ளி. பெட்டி எப்போதும் பின் ஆக்சிலோடு சேர்ந்து சாயும், லாரிச் சட்டம் அதன் கீழே தன்பாட்டுக்கு முறுக்கும். பெட்டிக்கு இது மிக நல்லது. லாரிச் சட்டத்துக்கு அவ்வளவு நல்லதில்லை: முன் சுமை முழுவதும் ஒரே குறுக்குக் கட்டையில் இறங்குவதால், அந்தக் கட்டையைப் பலப்படுத்தாமல் விட்டால் அங்கே விரிசல் வரும். பெட்டியின் அடிச்சட்டமும் தன் எடையைத் தானே தாங்கும் அளவு கெட்டியாக இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் லாரிச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது. இழுவிசை உச்சத்தில் இருப்பது அங்கேதான். நடுச்சுவரில் உற்பத்தியாளர் விட்ட துளைகளைப் பயன்படுத்தி, 8.8 தர போல்ட்டும் தானாகக் கழலாத நட்டும் போட வேண்டும். சட்ட இரும்பு வெப்பப் பதம் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும். அதில் வெல்டிங் வைத்தால் வைத்த இடத்தை ஒட்டிப் பதம் போய், சில மாதங்களில் அதே கோட்டில் விரிசல் ஓடும்.

வேலை முடிந்ததும் ஒரு முன்சக்கரத்தையும் எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் 30 செ.மீ. மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்த நிலையிலும் கேபினுக்கும் பெட்டிக்கும் இடையே கை புகும் இடம் இருக்க வேண்டும், பின்கதவு ஒற்றைக் கையால் திறந்து மூட வேண்டும். கதவு இறுக்கினால் இணைப்பில் கோளாறு. கீலைத் தேய்த்துச் சரிசெய்வது நோயை மறைக்கும் வேலை.

பெட்டியும் அதன் சுவரும்

ராணுவ வானொலி அறைகள் சில சமயம் லாரியோடு சேர்ந்தே ஏலத்துக்கு வரும். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஃபோம் வைத்த இந்த அறைகள் உலர் உணவுக்கும், கவனமாகச் செய்தால் 5 டிகிரிக்கும் நல்ல தொடக்கம். ஆனால் ஜன்னல், கேபிள் துளை, காற்றுத் துளை என்று ஓட்டைகள் அதிகம். ஒவ்வொன்றையும் பக்கத்து ஃபோமின் தடிமனுக்கே நிரப்பி, இருபுறமும் ஒட்ட வேண்டும். உள்ளே உலோகத் தகட்டிலிருந்து வெளித் தகட்டுக்கு நேராக ஓடும் அலுமினியச் சட்டங்கள் வெப்பத்தை உள்ளே கடத்தும் பாலங்கள். உறைநிலைக்கு இந்த அறைகள் உதவாமல் போவதற்கு அதுவே காரணம்.

புதிதாகக் கட்டுவதென்றால் ஃபைபர்கிளாஸ் தோலுள்ள பாலியூரித்தேன் பலகைகள். குளிர்நிலைக்கு 60 மி.மீ., உறைநிலைக்கு 80 முதல் 100 மி.மீ. எளிதில் கெடும் உணவுகளை நாடுகளுக்கிடையே கொண்டுசெல்வதற்காக 1970-இல் ஜெனீவாவில் உருவான ஏடிபி ஒப்பந்தம், நன்கு காப்பிடப்பட்ட பெட்டிக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டரில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.40 வாட்டுக்கு மேல் கசியக் கூடாது. அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே ஓடும் வண்டிக்கும் இது நல்ல இலக்கு.

பலகைகளைத் திருகாணியால் அல்ல, பாலியூரித்தேன் ஒட்டுப்பசையால் இணைக்க வேண்டும். உள்ளிருந்து வெளிவரை ஊடுருவும் ஒவ்வொரு திருகும் வெப்பப் பாலம், அதோடு ஈரத்துக்கு வாசல். நீராவி வெப்பமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும் என்பதால், ஈரத்தடை வெளித்தோலில்தான் முழுமையாக இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் வீட்டுச் சுவரைக் கட்டிப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவதுண்டு. அலமாரிச் சட்டங்களைப் பிணைக்கப் பலகை வார்க்கும்போதே உள்தோலுக்குப் பின்னால் பிளைவுட் பட்டை வைத்துவிட்டால் பிறகு துளைக்க வேண்டிய தேவையே வராது.

உள்மூலைகள் வளைவாக இருக்கட்டும், தரை வடிகாலை நோக்கிச் சற்றே சரியட்டும். வடிகாலுக்கு மூடி கட்டாயம். திறந்த வடிகால் வழியாகச் சூடான காற்றும், ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரும் உள்ளே வரும். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளி போதும் என்பதால் கேபிள் நுழையும் இடத்தை ஃபோமால் மட்டும் அடைக்காமல் உலோகத் தகடும் வைக்க வேண்டும்.

எவ்வளவு குளிர், எவ்வளவு மின்சாரம்

வெளியளவு 4 மீட்டர் நீளம், 2.2 அகலம், 2 உயரம் உள்ள பெட்டியின் மொத்தப் பரப்பு 42.4 சதுர மீட்டர். வெளியே 38 டிகிரி, உள்ளே மைனஸ் 18 என்றால் வித்தியாசம் 56. 0.40 வாட் கணக்கில் சுவர் வழியாக மட்டும் 950 வாட் வெப்பம் இடைவிடாமல் உள்ளே வரும். உள்ளே 3 டிகிரி போதும் என்றால் அது 594 வாட். கதவு திறப்பது, ஃபோம் பழசாவது, விசிறியின் சூடு எல்லாவற்றுக்குமாக ஏடிபி விதி 1.75 மடங்கு திறனுள்ள கருவியைக் கேட்கிறது. அதன்படி உறைநிலைக்கு 1,660 வாட். இந்தத் திறன் மைனஸ் 18 டிகிரியில் கிடைக்க வேண்டும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது 0 டிகிரியில் அளந்த எண்ணாக இருக்கும். அதில் ஏமாறக் கூடாது.

கூரையின் ராணுவப் பச்சை வெயிலில் 70 டிகிரி வரை சூடாகும். கூரை மட்டுமே சுமார் 110 வாட் கூடுதலாகச் சேர்க்கும். ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் இந்த வண்டிக்குக் கிடைக்கும் மிக மலிவான குளிரூட்டி. பழைய நிறத்தின் மேல் பாசம் உள்ளவர்கள் பக்கங்களை விட்டுவிட்டுக் கூரையை மட்டுமாவது வெளுக்கலாம்.

இந்தக் கணக்கு எல்லாம் ஏற்கெனவே குளிர்ந்த உணவை அப்படியே வைத்திருப்பதற்குத்தான். 25 டிகிரியில் இருக்கும் 1,000 கிலோ காய்கறியை 5 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 22 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சுவர்க் கசிவு போக 1.4 கிலோவாட் மிஞ்சும் கருவிக்கு 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நடுவில் உள்ள மூட்டைகள் புழுங்கிவிடும். குளிர வைத்துத்தான் ஏற்ற வேண்டும்; ஏற்றும் முன் காலிப் பெட்டியையும் குளிரவிட வேண்டும்.

வீட்டு ஏசியைப் பொருத்தலாமா என்ற யோசனை எப்போதும் வரும். அது 16 டிகிரிக்குக் கீழே இறங்கும்படி செய்யப்பட்டதல்ல. கட்டுப்பாட்டை ஏமாற்றி இறக்கினால் ஆவியாக்கிச் சுருளில் பனி மூடும். குலுக்கலில் அதன் மெல்லிய செம்புக் குழாய் கம்ப்ரசர் கழுத்தில் உடையும். வண்டிக்கென்று செய்த கருவியிலும் உடைவது அதே இடம்தான் என்பதால், கம்ப்ரசருக்கும் குழாய்க்கும் நடுவே நெகிழும் குழாய் வேண்டும், குழாயைப் பிடிக்கும் கிளிப்புகளில் ரப்பர் வேண்டும்.

என்ஜினிலிருந்து பெல்ட் வழியாக ஓடும் கம்ப்ரசர் எளிமையானது, இலேசானது. என்ஜினை நிறுத்தியதும் குளிரும் நின்றுவிடும். கிடங்கு என்பது நின்றுகொண்டிருக்கும் பொருள் என்பதால் அது மட்டும் போதாது. தனி டீசல் என்ஜின் உள்ள கருவி எங்கும் ஓடும், ஆனால் கனம், சத்தம். நின்ற இடத்தில் வெளிமின்சாரம் கிடைக்குமானால் இரண்டிலும் ஓடும் கருவியே நல்லது.

பேட்டரியை நம்புவோர் எண்ணைப் பார்க்க வேண்டும். 3 டிகிரிப் பெட்டி இரவில் விசிறியோடு சேர்த்துச் சராசரியாக 300 வாட் இழுத்தால், பத்து மணி நேரத்துக்கு 3 கிலோவாட் மணி. லாரியில் இருக்கும் 120 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டும் சேர்ந்து 24 வோல்ட்டில் 2.9 கிலோவாட் மணிதான். ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். விடியும்போது குளிரும் இருக்காது, வண்டியும் ஸ்டார்ட் ஆகாது. குளிருக்குத் தனி பேட்டரித் தொகுதி, ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து பிரிக்கும் ரிலே, இரண்டும் கட்டாயம். பழைய வண்டிகளின் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு வேகத்திலேயே 1.7 கிலோவாட்தான் தரும், ஐட்லிங்கில் அதில் ஒரு சிறு பங்குதான் வரும்.

இன்னொரு வழக்கமான பிழை: 12 வோல்ட் விளக்கும் தெர்மோஸ்டாட்டும் வேண்டுமென்று தொடராக இருக்கும் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி எடுப்பது. அந்த பேட்டரி எப்போதும் குறைச் சார்ஜில் இருக்கும், மற்றது மிகைச் சார்ஜில் கொதிக்கும், ஓரிரு மாதத்தில் இரண்டும் போய்விடும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று போதும்.

கரடுமுரடான பாதைக்கு உப்புக்கரைசல் குளிர்த்தட்டுகள் இன்னொரு வழி. இரவில் மின்சாரத்தில் உறையவிட்டு, பகல் முழுவதும் எந்த இயந்திரமும் ஓடாமல் குளிர் எடுக்கலாம். 23 சதவீத உப்புக்கரைசல் மைனஸ் 21 டிகிரியில் உருகும்போது கிலோவுக்குச் சுமார் 235 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். 950 வாட்டைப் பத்து மணி நேரம் தாங்க 145 கிலோ கரைசல் வேண்டும். தட்டின் உலோகம் தனி. மைனஸ் 18-க்கும் 21-க்கும் மூன்று டிகிரிதான் வித்தியாசம் என்பதால், உறைநிலைக்கு இன்னும் தாழ்ந்த நிலையில் உருகும் கரைசலோ, நிறையத் தட்டுப் பரப்போ தேவைப்படும். குளிர்நிலைக்கு இந்த நெருக்கடி இல்லை.

அடுக்குவதும் அளப்பதும்

காற்று சுற்றவில்லை என்றால் எத்தனை வாட்டும் பயனில்லை. தரையில் காற்றோடும் தட்டி, சுவரோரம் 25 மி.மீ. செங்குத்துப் பட்டைகள், மேலே 15 செ.மீ. காலி இடம். ஏற்றும் எல்லையைச் சுவரில் சிவப்புக் கோடாக வரைந்துவிட்டால் வாதம் வராது. சாலைக்கான ஐரோப்பியத் தரம் முன்பக்கம் சுமையின் எடையில் 0.8 மடங்கு, பக்கவாட்டில் 0.5 மடங்கு விசையைத் தாங்கக் கட்டச் சொல்கிறது. பாதையில்லாத இடத்தில் சுமை மேலே துள்ளும் என்பதால் கீழ்நோக்கி இறுக்கும் பட்டியும் வேண்டும், ஒவ்வொரு தட்டுக்கும் விளிம்பும் வேண்டும்.

வெப்பமானி குறைந்தது இரண்டு: ஒன்று கருவிக்குத் திரும்பும் காற்றில், மற்றது பின்கதவின் மேல்மூலையில். பெட்டியில் பெரும்பாலும் மிகச் சூடான இடம் அதுதான். காட்டி கேபினில் இருக்கட்டும். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் முனையை அமிழ்த்தினால் 0 காட்ட வேண்டும். அரை டிகிரிக்கு மேல் விலகினால் மாற்றிவிடலாம். கதவுக்கு உள்ளே ஒன்றன்மேல் ஒன்று படியும் பிவிசி திரை தொங்கவிட்டால் ஒவ்வொரு திறப்பிலும் இழக்கும் குளிர் நன்றாகக் குறையும். எரிச்சல்பட்டு அதைக் கட்டித் தூக்கி வைக்காமல் இருந்தால்.

உலர் உணவுக் கிடங்கில் எதிரி சூடு மட்டுமல்ல, இரவும்தான். பகலில் கூரைக்குக் கீழே சூடான காற்று தானியத்திலிருந்து ஈரத்தை இழுக்கும், இரவில் குளிர்ந்த உலோகத்தில் அது வியர்த்து மூட்டை மேல் சொட்டும். மேல்வரிசையில் மட்டும் பூஞ்சை பிடித்தால் காரணம் இதுவே. கருவி இல்லாவிட்டாலும் காப்பிட்ட கூரை வேண்டும், மூட்டைகள் தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருக்க வேண்டும், தானியத்தின் ஈரம் 13 சதவீதத்துக்குள் இருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும். டீசல் கேன், கருவிப்பெட்டி, ஈரக் கயிறு இவற்றுக்கெல்லாம் பெட்டிக்கு வெளியே தனி அறை.

உணவு ஏற்றுமுன் சோதனை. இரவில் ஒருவரை உள்ளே நிறுத்தி, உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வேலை செய்வதை முதலில் உறுதிசெய்துகொண்டு, கதவைச் சாத்தி வெளியே சீல் ஓரமாக விளக்கடித்துப் பார்த்தால் ஒளி வரும் இடமெல்லாம் காற்று வரும் இடம். பிறகு தண்ணீர் நிறைத்த கேன்களை முழு எடைக்கு ஏற்றி, ஒரு பகல் ஒரு இரவு குளிரவிட்டு வெப்பநிலையை மணிக்கு ஒருமுறை குறித்துவைத்து, அதே சுமையோடு கரடான பாதையில் 100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். திரும்பியதும் துணைச்சட்ட போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கி, நட்டிலிருந்து தகடு வரை ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடலாம். 500 கிலோமீட்டரில் மறுபடி பார்க்கும்போது கோடு விலகியிருக்கும் நட்டு எது என்று குனிந்த உடனே தெரியும்.